அக்கா பயந்துகொண்டே போன பௌர்ணமி மாலை

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரைத் தைரியசாலி என்றுதான் தெரியும். இரங்கல் கூட்டத்திலும் அப்படித்தான் பேசினார்கள். கடைசிவரை அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த தங்கை என்ற முறையில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா மிகவும் பயந்த சுபாவம் உடையவர்.

போளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பயிர் வைத்துப் பிழைத்த சமணக் குடும்பத்தில், மூத்த மகளாகப் பிறந்தார். அவர் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், அப்பாவைப் பாம்பு தீண்டியது. தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாராவது வரத் தாமதமானால் அக்காவுக்குக் கை சில்லிட்டுவிடும். ஆசிரியர் பயிற்சி முடித்துச் செங்கம் பக்கம் வேலைக்குச் சேர்ந்தார். தம்பியையும் என்னையும் படிக்க வைத்தார். தமக்கு வந்த வரன்களைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989ஆம் ஆண்டில், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் இருந்த நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். எனக்கும் டவுனில் தொலைபேசி நிலையத்தில் வேலை. செங்கம் சாலையை ஒட்டி வீடு பிடித்தோம்.

சில ஆண்டுகள் கழித்து அக்காவின் நான்காம் வகுப்புக்கு ரேவதி வந்தாள். அவள் பெயரை இங்கே எழுதலாமா என்று அவளிடமே கேட்டுக்கொண்டேன். அவள் குழந்தையாக இருந்தபோதே அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அம்மா கொல்லை வேலைக்குப் போகிறவர். பெரியப்பாவின் நிழலில்தான் குடும்பம். ரேவதியைப் பற்றி முதலில் வந்ததெல்லாம் புகார்தான். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறாள், பாடம் நடக்கும்போது எழுந்து போகிறாள் என்றார்கள். அக்கா கவனித்துப் பார்த்தார். கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் அவள் விடை போட்டுவிடுகிறாள். மீதி நேரம் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லாமல்தான் கிள்ளுகிறாள். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் கதைப் புத்தகம் போலப் படிக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்த அக்காவின் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் இருந்தது.

"இந்த மாதிரிப் புள்ளைக்கு எப்படிச் சொல்லித்தரணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே. நான் ஏதாவது தப்பாப் பண்ணி அது கெட்டுப்போச்சுன்னா?"

"நல்லாப் படிக்கிற புள்ள எப்படிக்கா கெட்டுப்போவும்?" என்றேன்.

தலைமையாசிரியையிடம் கெஞ்சி ஓர் ஏற்பாடு செய்தார். கணக்குப் பாடவேளையில் மட்டும் ரேவதி எட்டாம் வகுப்பில் உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் தன் வயதுப் பிள்ளைகளோடு இருப்பாள். "டபுள் புரமோஷன் கொடுத்துடலாமே" என்று தலைமையாசிரியை சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கில் பெரியவளாக இருந்தாலும் பல் விழுந்து முளைக்கிற குழந்தைதானே, விளையாட அவளுக்குக் கூட்டாளி வேண்டும் என்றார். கிள்ளுவது நின்றது. பாண்டி ஆடக் கூட ஆள் சேர்ந்தது.

நாள்காட்டியைப் புரட்டிப் புரட்டி அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். எந்தத் தேதியைச் சொன்னாலும் அது என்ன கிழமை என்று சொல்லிவிடுவாள். அக்கா பூரித்துப்போய் அந்த ஆண்டு விழாவில் அவளை மேடை ஏற்றினார். ஊரே கைதட்டியது. முன்வரிசையில் அவளுடைய பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அந்த மேடையை நினைத்து அக்கா கடைசிவரை வருந்தினார்.

பெரியப்பாவுக்குக் கிரிவலப் பாதையில் கற்பூரமும் இளநீரும் விற்கிற கடை. பௌர்ணமிக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. முதலில் விளையாட்டாகத்தான் யாத்ரீகர்களின் பிறந்தநாளுக்குக் கிழமை சொல்ல வைத்தார். அடுத்த பௌர்ணமிக்கு மஞ்சள் பாவாடை கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். சாமி இறங்கிய குழந்தை என்று பேச்சுப் பரவியது. கிழமை கேட்டவர்கள் போய், வேலை கிடைக்குமா, நோய் தீருமா என்று கேட்பவர்கள் வந்தார்கள். அதற்கெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று பெரியப்பா காதில் சொல்லிக் கொடுத்தார்.

அக்காவுக்கு இது தெரிய வந்தபோது ரேவதி வகுப்பில் பேச்சை நிறுத்தியிருந்தாள். விடை தெரிந்தும் எழுதுவதில்லை. ஒருநாள் அவள் அம்மாவே கொல்லை வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், போன பௌர்ணமிக்கு மின்னாடி பௌர்ணமியில ஒரு பொம்பள வந்து, எம்புள்ள பொழைக்குமான்னு கேட்டுச்சு. இவ பொழைச்சிடும்னு சொல்லிட்டா. அந்தப் புள்ள செத்துப்போச்சு. இந்த வாட்டி அந்தம்மா திரும்பி வந்து, எதிர்க்க உக்காந்துகினு இவளையே பாத்துகினு இருந்துச்சு. திட்டக்கூட இல்ல. நீ சொன்னியே பாப்பான்னு மட்டும் கேட்டுச்சு. அன்னியிலிருந்து இவ சோறு துன்னல டீச்சர்."

"உங்க மச்சாண்டார் கிட்ட நிறுத்தச் சொல்லக் கூடாதாம்மா?" என்று பெரியப்பாவைக் குறித்துக் கேட்டார் அக்கா.

"அவரு சோத்துல இருக்கறோம். நான் இன்னா சொல்றது?"

தலைமையாசிரியை ஒதுங்கிக்கொண்டார். "பள்ளிக்கூட கேட்டுக்கு வெளிய நடக்கறதுல நாம தலையிட வேணாம் டீச்சர். அந்த ஆளு பொல்லாதவரு." அவர் சொன்னதும் உண்மைதான்.

அடுத்த பௌர்ணமி வந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது சமணரான எங்கள் வீட்டு வழக்கம். அன்று அக்கா இலையில் கை வைத்தார், சோறு இறங்கவில்லை. "நீயும் வா" என்றார். கேட்பது போலத்தான் சொன்னார். பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவருடைய கை வியர்த்துக்கொண்டே இருந்தது. இறங்கியதும், "திரும்பிப் போயிடலாமா?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே நடக்கத் தொடங்கிவிட்டார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. வெறுங்காலோடு கூட்டம் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. கடை வாசலில் வரிசை. அக்காவும் வரிசையில் நின்றார். பெஞ்சில் இருந்த குழந்தையின் கண்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் அவள் காலில் விழுந்தபோது அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

முறை வந்ததும் அக்கா குனிந்து, வகுப்பில் பேசுகிற அதே குரலில் கேட்டார். "ரேவதி, கிழமையை எப்படிக் கண்டுபிடிக்கிறே? எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லு."

பெரியப்பா எழுந்து வந்தார். "டீச்சர், இது பள்ளிக்கூடம் இல்ல. கெளம்புங்க."

அக்காவின் கால்கள் நடுங்குவதைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். புடவைக் கொசுவமே ஆடிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. "வரிசையில நின்னுதாங்க வந்தேன். ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன்" என்றார். பிறகு குழந்தையிடம், "வருஷத்துக்கு எத்தனை நாள்?" என்றார்.

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. பிறகு ரேவதியின் உதடு மட்டும் அசைந்தது. "முந்நூத்தி அறுபத்தஞ்சு."

"ஏழால வகுத்தா?"

"மீதி ஒண்ணு." குரல் கொஞ்சம் ஏறியது. "அதனால வருஷம் ஒண்ணு போனா கிழமை ஒண்ணு தள்ளிப் போவும் டீச்சர். நடுவுல லீப் வருஷத்துப் பிப்ரவரி இருபத்தொம்போது வந்துச்சுன்னா ரெண்டு தள்ளும்."

வரிசையில் இருந்த ஒருவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "எங்க கல்யாண நாளு போன வருஷம் வியாழன். இந்த வருஷம் வெள்ளி. அட, சரியாத்தான் இருக்குது." பக்கத்தில் இருந்தவர், "அப்ப சாமி இல்லியா, கணக்கா?" என்றார். "கணக்குதாங்க. இந்தப் புள்ளைக்குக் கணக்கு நல்லா வரும். உங்க புள்ளைக்கும் சொல்லிக் குடுத்தா வரும்" என்றார் அக்கா. ரேவதி மாதங்களுக்குள் எப்படித் தள்ளும் என்பதையும் சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்த முடியாதவள் போலச் சொன்னாள். சிலர் நின்று கேட்டார்கள். பலர் ஏமாந்த முகத்தோடு நடையைத் தொடர்ந்தார்கள். வரிசை கலைந்தது.

பெரியப்பா கத்தவில்லை. அக்காவின் பக்கத்தில் வந்து, "தெனம் பஸ்லதான வந்து போறீங்க? பாத்து வாங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ரேவதியின் அம்மா மகளையும் ஒரு துணிப் பையையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். குழந்தையைக் கடத்திவிட்டார்கள் என்று பெரியப்பாவிடமிருந்து புகார் போனது. விசாரிக்க வந்த காவலர் முன்னால் அந்த அம்மா, "நான்தாங்க வுட்டேன். என் புள்ள இங்கதான் படிக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மச்சாண்டார் வீட்டிலிருந்து அவரும் வெளியேறினார்.

அதன் பிறகு அக்காவின் பயம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து வருவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ரேவதியை உள்ளறைக்கு அனுப்புவார். பெரியப்பா மிரட்டியபடி எதுவும் நடக்கவில்லை. நடக்காது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த ஆண்டுகள் எளிதாக இருந்திருக்கும். ஆனாலும் அக்கா மாற்றல் கேட்கவில்லை. அதே பஸ்ஸில், அதே பள்ளிக்குத்தான் போய்வந்தார்.

ரேவதிக்குச் சோறு இறங்கப் பல மாதங்கள் ஆயின. "அந்தம்மா வருவாங்களா?" என்று, பிள்ளையைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணை நினைத்து, திடீரென்று கேட்பாள். வரமாட்டார் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல வைத்ததால்தான் அந்தக் குழந்தைக்கு இந்தக் கதி வந்தது என்பார். "எனக்குத் தெரியலைடா. வந்தா நான் பேசறேன்" என்பார்.

பிறகு வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் யாரையும் அக்கா மேடை ஏற்றவில்லை. போட்டிக்கு அனுப்பச் சொன்னால் பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். உடனே விடை வராத கணக்காகத் தேடிப் பிடித்துக் கொடுத்து, தப்பாகப் போட்டால் கூடவே உட்கார்ந்திருப்பார். தப்பு விடை வந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பார்.

ரேவதி கணக்கில் முதுகலை முடித்து வேலூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாகி வேலூருக்கும் திருவண்ணாமலைக்குமாக அலைந்த நாட்களில், லீவு போட்டு உடன் இருந்தவள் அவள்தான். கடைசி வாரம் அக்கா, "பயமா இருக்குதுடி" என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். மறைக்கவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். அப்படித்தான் போனார்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அவருடைய பழைய மாணவர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும், பிறந்த ஊரின் சமணக் கோயிலான ஜினாலயத்தில் அவருக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ரேவதியின் அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். போக்கிடம் இல்லாத நிலையில், தாம் ஈன்ற ஒரே குழந்தையை எங்களை நம்பி ஒப்படைத்தவர் அவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் பக்கங்களை நேற்று நானே படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "டீச்சருக்குப் பயமா? எனக்குத் தெரியாமப் போச்சே. நான் அவங்கள நம்பிதானே புள்ளைய வுட்ட அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்" என்றார்.