சாந்தாமணி பறித்த இலை

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில், அந்தத் தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும் முதல் மெசேஜ் சாந்தாமணிக்குத்தான் போகும். கோபிசெட்டிபாளையத்துக்காரி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கல்யாணமான கையோடு நியூ ஜெர்சி வந்து சேர்ந்தவள். கணவன் சேனாபதிக்கு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. கிரீன் கார்டு இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பையன் தீபக் ஸ்கூலுக்கும் சேனாபதி ஆபீசுக்கும் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் பேச ஆள் இல்லை.

டவுன் லைப்ரரியில் மூலிகை டீ பற்றி நாலு சனிக்கிழமை இலவச வகுப்பு நடந்தது. சும்மா போய் உட்கார்ந்தவளை அது பிடித்துக்கொண்டது. துளசி, புதினா, இஞ்சி, அதிமதுரம் என்று காயவைத்துப் பொட்டலம் கட்டினாள். அடுத்து டிங்சர். இலையையோ வேரையோ வோட்காவில் ஆறு வாரம் ஊறவைத்து வடிகட்டினால் கிடைக்கிற சாற்றுக்குத்தான் அந்தப் பெயர். வோட்கா பாட்டில் வாங்கிவரச் சேனாபதி ரொம்பக் கூச்சப்பட்டான். எதையும் அவள் விற்றதில்லை. விற்றால் விசாவுக்கு வில்லங்கம். கேட்டவர்களுக்குச் சும்மா கொடுப்பாள். அவர்கள் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்வது போதும்.

பின்பக்க வேலியோரம் மல்லின் என்றொரு செடி தானாக முளைத்திருந்தது. கம்பளி மாதிரி மெத்தென்ற இலை. இருமலுக்கு நல்லது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மூன்று வருஷமாக அதைப் பறித்துக் காயவைத்து வந்தாள். இந்த ஏப்ரலில், பழைய இருப்பு தீர்ந்துபோக, ஒரு நாள் காலையில் குளிருக்குக் கையுறை மாட்டிக்கொண்டு போய் ஒரு கூடை பறித்து வந்து, கையுறையைக் கழற்றாமலே தட்டில் பரப்பிக் காயவைத்தாள்.

அந்த இலை காய்ந்ததும் கரண்டியால் அள்ளிக் கட்டிய முதல் பொட்டலம் அபயாம்பாள் மாமிக்குப் போனது. நாலு வீடு தள்ளி, மகன் க்ரிஷ்ஷோடு இருக்கும் மாமி. மயிலாப்பூரிலிருந்து வந்து இரண்டு வருஷமாகிறது. வயது அறுபத்துமூன்று. தினமும் காலையில் சாந்தாமணியோடு வாக்கிங் வருவாள். ஒரு மாதமாக விடாத வறட்டு இருமல். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள் சாந்தாமணி.

நாலாம் நாள் மாமி வாக்கிங் வரவில்லை. நேற்றிலிருந்து வாந்தி, தெருவில் ஸ்கூல் பிள்ளைகளிடம் சுற்றும் ஏதோ வைரஸ் தொற்றியிருக்கும் என்று க்ரிஷ் மெசேஜ் அனுப்பியிருந்தான். ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு சாந்தாமணி போனாள். மாமி சோபாவில் சுருண்டு கிடந்தாள். கையைப் பிடித்தால் ஜில்லென்றிருந்தது.

"சாந்தா, கண்ணு ஒரு மாதிரி இருக்குடி. வெள்ளைச் சுவரெல்லாம் மஞ்சளாத் தெரியறது" என்றாள் மாமி.

சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று சாந்தாமணி தேற்றினாள். டீயை மட்டும் விடாமல் குடியுங்கள் என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, மாமிக்கு இன்னொரு பொட்டலம் கட்டலாம் என்று ஜாடியைத் திறந்தாள். கையுறை இல்லாமல் அந்த இலையை அவள் தொட்டது அப்போதுதான். விரலில் கம்பளி தட்டுப்படவில்லை. சொரசொரவென்றிருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படியே. ஓரத்தில் சின்னச் சின்னப் பல். மல்லின் இலைக்குப் பல் கிடையாது.

செருப்புக்கூடப் போடாமல் வேலிக்கு ஓடினாள். அங்கே இரண்டு விதமான செடிகள் தரையோடு தரையாக இலை விரித்து, பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று மெத்தென்றது. இன்னொன்று, முன்பு குடியிருந்தவர்கள் வளர்த்த பூச்செடியின் விதை விழுந்து முளைத்தது. இன்னும் பூக்காத செடி என்பதால் அவள் கண்ணில் படவே இல்லை. போனில் படம் எடுத்துத் தேடினாள். ஃபாக்ஸ்குளோவ் என்று வந்தது. கீழே எழுதியிருந்தது: வாந்தி, பார்வை மஞ்சளாவது, இதயத் துடிப்பு குறைந்து நின்றுபோவது.

அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேனாபதியைப் போனில் கூப்பிட்டபோது வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவனுக்குப் புரியவே இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"யார்கிட்டயும் எதுவும் சொல்லிப்போடாத. முதல்ல அந்த ஜாடியக் காலி பண்ணு. நான் வந்தர்றேன்."

கெட்டவனில்லை சேனாபதி. பயந்துவிட்டான். போலீஸ், கேஸ், பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு, தீபக்கின் படிப்பு எல்லாம் ஒரே நொடியில் அவன் கண் முன்னால் வந்திருக்கும். அவளுக்கும் வந்தது. உள்ளே போய் ஜாடியைக் கவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். மேலே வெங்காயத் தோலைப் போட்டு மூடினாள். யாருக்குத் தெரியப்போகிறது, மாமிக்கு வைரஸ் என்றுதானே எல்லாரும் நினைக்கிறார்கள் என்று ஒரு குரல் உள்ளே ஓடியது. அடுப்படியில் அப்படியே நின்றாள். மூன்று நிமிஷமோ ஐந்து நிமிஷமோ. அந்த நிமிஷங்களைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட.

மாமியின் ஜில்லிட்ட கைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. தொட்டிக்குள் கைவிட்டு இலைகளை அள்ளி மறுபடி ஜாடியில் போட்டாள். விஷ முறிவுக்கான உதவி எண்ணைத் தேடி அழைத்தாள். எடுத்த பெண் பதறவில்லை. யார் குடித்தது, எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொல்லச் சொல்ல சாந்தாமணிக்குத் தன் குரலே அன்னியமாகக் கேட்டது. உடனே அவசர உதவி எண் 911 கூப்பிடுங்கள், செடியை வேரோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள் அந்தப் பெண்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, மண் ஒட்டிய செடி ஒரு கையிலும் ஜாடி இன்னொரு கையிலுமாக நாலு வீடு ஓடினாள். க்ரிஷ் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்தவனிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்: "க்ரிஷ், நான் அம்மாவுக்குக் குடுத்தது தப்பான இலை. விஷம். என்னாலதான்."

அவன் ஜாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினான். மாமிக்கு அப்போது பாதி நினைவுதான் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் நாடித் துடிப்பு முப்பத்தெட்டு என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் செடியைத் தட்டில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். இதற்கென்று தனி விஷமுறிவு மருந்து உண்டு, இங்கே இருப்பு போதாது, வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டும் என்று போனை எடுத்தார். இரண்டு மணி நேரமாகும்.

அந்த இரண்டு மணி நேரமும் சாந்தாமணி வராந்தாவில் நின்றபடியே இருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. போலீஸ் சீருடையில் ஒருவர் காப்பி வாங்கப் போனார். தன்னைத்தான் தேடி வருகிறார் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று இன்னொன்று உறைத்தது. அதே இலையில் எதிர்வீட்டு ஷ்யாமளாவுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தாள். மூன்று முறை தப்பான நம்பர் அழுத்தினாள். ஷ்யாமளா பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. அதைத் தொடாமல் தனியே எடுத்து வைக்கச் சொன்னபோதுதான் சாந்தாமணிக்கு அழுகை வந்தது. வீட்டில் அதே இலை வோட்காவில் ஊறிக்கொண்டிருந்தது. ஆறு வாரம் ஆகாததால் அதை யாரும் குடிக்கவில்லை. சேனாபதி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது போனில் அவனிடமே சொல்லி அந்தப் பாட்டிலையும் கொண்டுவரச் செய்து டாக்டரிடம் கொடுத்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் வந்து நின்றான்.

மருந்து வந்து ஏற்றிய பிறகு சாயங்காலத்துக்குள் மாமியின் நாடி ஐம்பதைத் தாண்டியது. மறுநாள் எழுபது. செடி கையில் இல்லாமல் வந்திருந்தால் வயிற்றுக் கோளாறு என்று சலைன் ஏற்றிக்கொண்டிருந்திருப்போம் என்று டாக்டர் க்ரிஷ்ஷிடம் சொன்னாராம்.

போலீஸ் வரவில்லை. சுகாதார இலாகாவிலிருந்து ஒரு பெண் போனில் பேசி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். ஆனால் பல மாதம் வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் சாந்தாமணி ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பாள். வேலியோரச் செடிகளைச் சேனாபதி கையுறை போட்டு வேரோடு பிடுங்கினான். இஞ்சி டீ மட்டும் வீட்டுக்குள் கொதிக்கிறது. கடை இஞ்சி, அதையும் இரண்டு முறை முகர்ந்து பார்த்துத்தான் போடுகிறாள்.

க்ரிஷ் ஒருநாள் வழியில் பார்த்தபோது நின்றான். மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் அவனே பேசினான். "ஆன்ட்டி, நீங்க அன்னிக்கு ஓடி வந்ததை நான் மறக்க மாட்டேன். ஆனா உங்க வீட்டுலேர்ந்து எதுவும் இனிமே எங்க வீட்டுக்கு வரவேண்டாம். ப்ளீஸ்."

சரி என்றாள். அவன் கேட்டதில் தப்பில்லை என்று அவளுக்கே தெரியும்.

ஜூன் மாதம் மாமி மறுபடி வாக்கிங் வர ஆரம்பித்தாள். முன்னைப் போல வேகமில்லை. பேசிக்கொண்டே வரும் மாமி ஒரு கணம் மூச்சுக்கு நின்றால்கூடச் சாந்தாமணியும் நின்றுவிடுவாள். மாமிக்குத் தெரியாமல், கையைக் கோத்துக்கொள்வது போலப் பிடித்து, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்ப்பாள். எழுபது வந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பாள்.