என் குரலை அமுக்கிய பெட்டி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது நான்கு. படித்தது இரண்டாம் வகுப்பு. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். இவளுடைய அப்பா என் கடைசிப் பிள்ளை. கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை, அவனே சொல்லியிருக்கிறான்.

இந்த நவராத்திரிக்கு, செகந்திராபாத்தில் எங்கள் தெருக் கோயில் மண்டபத்தில் என்னைத் தனியாக ஒரு மணி நேரம் பாடச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பாட்டு நல்லபடியாகப் பதிவாக வேண்டும். என் நாத்தனார் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலைப் புகழ்வாள். பாட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். கொண்டாப்பூரில் அவள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அதைப் போட்டுக்காட்ட வேண்டும்.

மகன் பதிவுப் பெட்டியோடு வந்தான். "பாடும்மா, லெவல் வைக்கணும்."

விளக்கேற்றுமுன் தொண்டையைத் திறப்பது என் வழக்கமில்லை. முணுமுணுத்தேன். பெட்டியில் பச்சைக் கோடு எழவில்லை என்று குமிழைத் திருகிக் கூட்டிக்கொண்டே போனான்.

"இது பாட்டில்லடா, முனகல். குறைச்சு வை. பால் காய்ச்சுறவ பாத்திரத்தை விளிம்பு வரைக்குமா ரொப்புவா?"

"நக்கோம்மா, குறைக்க வேணாம். லிமிட்டர் போட்டிருக்கேன். சத்தம் எல்லை தாண்டினா அதுவே அமுக்கிடும்."

"அமுக்குறதுக்கா நான் பாடறேன்?"

சிரித்தான். படித்தவர்கள் சிரிப்பு.

விளக்கு ஏற்றினார்கள். நன்றாகவே பாடினேன். முன்வரிசையில் மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நாத்தனார் முடிந்ததும் எழுந்து வந்து, "சுண்டல் பிரமாதம் அண்ணி" என்றாள்.

மறுநாள் பெட்டியைப் போட்டோம். நான் மேலே போகும்போதெல்லாம் யாரோ தலையணையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. மூச்சு வாங்க நிறுத்தினாலோ மண்டபமே பொங்கி வந்தது: மின்விசிறி, வளையல், எவரோ விட்ட ஏப்பம். ஓர் இடைவெளியில் நாத்தனார் பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தது, என் பாட்டைவிடத் தெளிவாகக் கேட்டது.

"இந்த வயசுலயும் எப்படிப் பாடறாங்க பாரு. நான் சொன்னேன்னு அண்ணிகிட்டச் சொல்லிடாதே."

மகன் முகம் தொங்கிப் போயிற்று. "லெவல் ஏறிப்போச்சும்மா. அழிச்சிடறேன், இன்னொரு தடவை பாடு."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கொண்டாப்பூர் போகிறோம், பெட்டியோடு. சுண்டல் கொண்டுபோகப் போவதில்லை.

சரி, முதலிலிருந்து படித்துக் காட்டு கண்ணு. உங்க அப்பாவைச் சொன்ன இடம் வந்தால் குரலை அமுக்காதே.