தேவகியின் தலைவலி

சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் புடவை பிரித்துக் காட்டும் வேலை தேவகிக்கு. அடுக்கிலிருந்து புடவை எடுக்கக் குனிந்தால் கண் இருட்டும்; நிமிர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வரும். காலையில் விழிக்கும்போதே தலை பிளக்கும்.

“எழுந்துக்கும்போதே தலைவலின்னா அடுப்பு யாரு பத்த வெக்கிறது? எல்லாம் பாசாங்கு,” என்பாள் மாமியார் செல்லியம்மாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் குரு சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

கண் டாக்டர்தான் கண்டுபிடித்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறிக் கண் நரம்பு வீங்கியிருந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்து, தலைக்குள் தேங்கும் நீர் வயிற்றில் வடிய ஒரு குழாய் வைத்தார்கள்.

வலி விடவில்லை. வலித்தபோதெல்லாம் குழாய் அடைத்துக்கொண்டதோ என்று பயந்து சென்னைக்கு ஓடினார்கள். இப்படியே அலைய முடியாதென்று, டாக்டர்கள் அவள் தலைத்தோலுக்கடியில் காசளவு சென்சார் ஒன்றைப் பதித்தார்கள். ஒயர் கிடையாது. கையடக்கக் கருவியை அந்த இடத்தின் மேல் வைத்தால், உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று எண் காட்டும்.

இனி யாரும் தன்னைப் பாசாங்குக்காரி என்று சொல்ல முடியாது என்று தேவகிக்கு நிம்மதி.

ஆனால் எண் எப்போதும் இருபதுக்குள், சரியான அளவிலேயே இருந்தது. அழுத்தம் இறங்கினாலும் சிலருக்கு வலி நிற்காது என்று டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மிஷினே ஒண்ணும் இல்லன்னு சொல்லுது. இன்னும் இன்னாமா உனக்கு?” என்றான் குரு.

அதன்பிறகு அவள் வலியைச் சொல்வதை விட்டாள். கருவி பீரோ மேல் ஏறியது.

கருட சேவைக் கூட்டத்தில் கடை நெரிந்தபோது, வாடாமல்லி நிறம் கேட்டவளுக்குக் கறுப்புப் புடவையை விரித்துவிட்டாள். வலியோ வழக்கமான வலிதான். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலை அவள் காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுவதைப் பார்த்த குரு, பாய்ந்து கருவியை எடுத்து அவள் தலையில் வைத்தான். எண் முப்பதைத் தாண்டி நின்றது. மறுபடி வைத்தான். அதே எண்.

“எப்பலேர்ந்து கண்ணு தெரியல?”

“ஒரு வாரமா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா மிஷினை எடுப்பீங்க. அது ஒண்ணும் இல்லன்னு சொல்லும்.”

குழாய் அடைத்திருந்தது. மாற்றினார்கள். வலக்கண்ணில் நிறம் பிரித்தறியாத நடுப்பார்வை மட்டும் மிஞ்சியது. இடக்கண் திரும்பவே இல்லை. நிறம் தெரியாதவளைக் கடையில் சேர்த்துக்கொள்ளவில்லை. செல்லியம்மாள் இப்போது தானே அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

போன வாரம் தேவகி சுவரில் சாய்ந்து தலையை அழுத்திக்கொண்டிருந்தாள். குருவின் கை பீரோ மேல் போனது.

“மொதல்ல என்னைக் கேளுங்க,” என்றாள்.

அவன் கையை இறக்கினான். “வலிக்குதா?”

“வலிக்குது.”

பிறகுதான் கருவியை வைத்தான். எண் சரியாக இருந்தது. அவள் வலக்கண்ணுக்கு நேராக வந்து உட்கார்ந்தான். அன்று ஆட்டோவை எடுக்கவில்லை.