நூலுக்கு இரண்டு முனை

முள்கம்பி வேலி போடுவது என் தொழில். தனியாக எடுத்த முதல் வேலை ஆம்பூரில், எழுபதுகளின் கடைசியில். கல்தூண்களைத் தோட்டத்தில் இறக்கிய பிறகுதான், பணம் யார் கொடுப்பது என்றே அங்கே முடிவாகவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பழைய காண்ட்ராக்டரிடம் வீறாப்பாகப் பேசிவிட்டு வந்திருந்தேன். இந்த வேலை கைநழுவினால் மறுபடி அவரிடமே போய்க் கடப்பாரை பிடிக்க வேண்டும். அவர் சிரிக்கப்போகும் சிரிப்பு அப்போதே காதில் கேட்டது.

ஒரு பக்கம் கவுஸ் பாயின் தோட்டம். தோல் பதனிடும் டேனரியில் தோலைத் தரம் பிரிப்பவர். மறுபக்கம் முனுசாமி, ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். பக்ரீத்துக்காகப் பாய் வளர்த்த கிடா, முனுசாமியின் கத்தரிச் செடிகளை மொட்டையடித்துக்கொண்டிருந்தது.

"மேயறது உங்க கிடா, பாய். வேலியும் உங்க செலவுதான்" என்றார் முனுசாமி.

"நான் கட்டித்தாம்பா வெச்சிருக்கேன், அறுத்துக்கினு வருது. செடி உன்னுது. காப்பாத்த வேண்டியது நீதான்."

"இன்னா பாய் பேசறீங்க? கத்தரிச் செடிய கயிறு போட்டுக் கட்டவா முடியும்?"

கிடா இருவரையும் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது. அன்று அங்கே ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

"இன்னா மேஸ்திரி, கல்ல திரும்ப ஏத்திடவா? பேஜாரா போச்சு" என்றான் வண்டிக்காரன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பணம் கொடுப்பவர்தான் வேலி போகும் கோட்டுக்கு நூல் பிடிக்க வேண்டும். அவர் பிடித்த இடத்தில் தூண் நடுவோம். பின்னால் வேலி கோணல் என்று மேஸ்திரியைத் திட்ட முடியாது. இவர்களுடைய எல்லைக்கல்லோ எப்போதோ துணி துவைக்கும் கல்லாகிவிட்டிருந்தது. அந்த வழக்கம் நினைவுக்கு வந்ததும் எனக்குள் குறும்பு புகுந்துகொண்டது.

முனுசாமியைத் தனியே கூப்பிட்டேன். "பாயே பணம் கொடுக்கட்டும் சார். நூலையும் அவரே புடிச்சுக்குவாரு. நீங்க போய் நிம்மதியாத் தூங்குங்க."

அவர் முகம் மாறியது. நேராகப் பாயிடம் போய், முனுசாமியே கொடுக்கட்டும் என்று இதையே மாற்றிச் சொன்னேன். அவர் முகமும் மாறியது. கொஞ்ச நேரத்தில் இருவரும், "நான்தான் கொடுப்பேன்" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

"ஆளுக்குப் பாதி கொடுங்க. ஆளுக்கு ஒரு முனை புடிங்க" என்று அலுத்துக்கொள்வதுபோல் சொன்னேன்.

தெருப்பக்க முனையைப் பாய் பிடித்தார். கிணற்றுப்பக்க முனையை முனுசாமி பிடித்தார். நடுவில் வாழைக் கூட்டம், அதனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. சுண்ணாம்பு வாளியோடு நடுவில் நின்ற எனக்கு இருவருமே தெரிந்தார்கள். பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நூலை முனுசாமி பக்கம் ஒரு அடி நகர்த்தினார். சொல்லி வைத்தாற்போல் முனுசாமியும் தன் முனையைப் பாய் பக்கம் ஒரு அடி தள்ளினார்.

"சரியா இருக்கா?" என்று கத்தினேன்.

"பர்ஃபெக்ட்!" என்றது கிணற்றுப்பக்கம்.

"ஜோரா இருக்கு!" என்றது தெருப்பக்கம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு நூலோரம் சுண்ணாம்பைத் தூவினேன். வேலி குறுக்காகப் போனது. ஒரு முனையில் பிடுங்கியதை மறுமுனையில் பறிகொடுத்திருந்தார்கள். இருவருக்குமே லாபமில்லை, நஷ்டமுமில்லை. பணத்தை மட்டும் பேரம் பேசாமல் கொடுத்தார்கள்.

பக்ரீத் அன்று பாய் ஒரு தூக்கு நிறையப் பிரியாணி கொண்டுவந்தார். "நீ பாத்தும் பாக்காத மாதிரி இருந்தியே தோஸ்த். முனுசாமிகிட்ட மூச்சு விடாதே" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே முனுசாமி ஒரு கூடை கத்தரிக்காயோடு வந்து, "பாய்க்குத் தெரிய வேணாம்" என்றார். என் மனைவி அந்தக் கத்தரிக்காயில் தொக்கு வைத்தாள். பிரியாணிக்கு அது அருமையாகப் பொருந்தியது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வேலி நேராக நிற்க வேண்டுமா, ஒருவரிடம் பணம் வாங்குங்கள். சண்டை வராமல் நிற்க வேண்டுமா, இருவரிடமும் வாங்குங்கள். அந்த வேலி இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது. கடைசிவரை இருவரும் அதை அளக்க ஆள் கூப்பிடவே இல்லை. அளந்தால் தன் திருட்டு வெளியே வந்துவிடும் என்று இருவருக்கும் பயம்.