பச்சைக் கோட்டைக் காட்டிய டாக்டர்

அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அரை மணி நேரம்கூட இருக்காது.

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அக்கா காலையில் நன்றாக இருப்பாள். மத்தியானமானால் இமைகள் சரிந்துவிடும், விரல்கள் மடங்காது. தோட்டத்து மருந்துக்காரர் அதை நடிப்பு என்று எழுதிக் கொடுக்க, தோட்டத்தை நடத்தும் துரை அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கடைசியில் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் மின்சார மெஷினுக்குப் பக்கத்தில் அந்த டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான உடம்பு, இறுகிய வாய். எங்களுக்கு முன்னால் வந்த நோயாளிகளைத் தொட்டபோதெல்லாம் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். அக்காவைத் தொட்டுவிட்டும் துடைத்தார். பெயரைக்கூடக் கேட்காமல், மணிக்கட்டில் வயரை வைத்து அடுத்தடுத்து ஷாக் கொடுத்தார். அக்கா அழுதாள்.

"போதும், நிப்பாட்டுங்க! அவ நடிக்கலைங்க!" என்று கத்தினேன்.

"ஆர் நடிப்பெண்டு சொன்னது?"

"தோட்டத்து மருந்துக்காரருங்க."

அவர் திரையைக் காட்டினார். முதல் ஷாக்குக்கு உயர எழும்பிய பச்சைக் கோடு, அடுத்தடுத்த ஷாக்குகளுக்குக் குட்டையாகிக்கொண்டே போனது.

"இப்பிடி ஆராலும் நடிக்கேலாது. நரம்பு சொல்லுறது தசைக்குச் சரியாப் போய்ச் சேரேல்லை. அந்தாளை இஞ்ச கூட்டிக்கொண்டு வா. அவற்ற கையிலையும் வயரை வைக்கிறன்."

துரைக்கு ஒரு கடிதமும் மாத்திரைக்கு ஒரு சீட்டும் எழுதி என் முன்னால் வீசினார். கைகூப்பிய அக்காவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கடிதத்தாலும் மாத்திரையாலும் அக்கா மறுபடி கொழுந்து பறிக்க மலையேறினாள். அவள் பொய் சொல்லவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் கோபம்தான் வருகிறது.