மைக்ரோமீட்டருக்கு வைத்த சந்தனம்

மைக்ரோமீட்டருக்குப் பொரி ஊட்டிய முட்டாள் நான். அதன் வாயில் சந்தனமும் பூசினேன். அதனால் ஒரு பஸ் எஞ்சின் செத்தது. அந்தப் பழியைத் தூக்கி இன்னொருவன் தலையில் போட்டேன்.

சொல்லிவிட்டேன்... சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையில் பஸ் பட்டறைப் பக்கம் வந்து 'தமாஷ் மேஸ்திரி' என்று கேட்டால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயர் எனக்குச் சந்தன மாலை மாதிரி இருந்தது. இப்போது கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஐம்பதுகளின் கடைசி. ஆயுத பூஜை அன்று பட்டறையில் ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். என் கையில் மைக்ரோமீட்டர் வந்தது. மயிரிழையின் கனத்தைக்கூட அளந்து சொல்லும் கருவி. பார்க்க, திறந்த வாய் மாதிரி இரண்டு தாடை. "வருஷம் பூரா இரும்பையே கடிக்கிறாரு, பாவம், இன்னிக்கி ஒரு நாளாவது பொரி சாப்பிடட்டும்" என்று சொல்லி வாயில் பொரியை வைத்து, தாடையில் சந்தனத்தையும் தடவினேன். பட்டறையே சிரித்தது. நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்குச் சோறு வேண்டாம். அப்படியே பெட்டியில் போட்டு மூடினேன்.

அந்தப் பெட்டியைக் கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம்தான் மறுபடி திறந்தேன். முதலாளியின் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு எஞ்சின் பூட்ட வேண்டியிருந்தது.

உங்களுக்குப் புரிய வேண்டும், அப்போதுதான் என் தப்பின் அளவு தெரியும். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குக்குள் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் ஓட ஒரு மெல்லிய சந்து வேண்டும். சந்து பெரிதானால் எஞ்சின் தட்டும். சின்னதானால் எண்ணெய் நுழையாது. சூடேறி, உருகி, பிடித்துக்கொள்ளும். அதை அளக்க நடுவில் ஈயக் கம்பி வைத்து, பேரிங் மூடியை இறுக்கி, திரும்பக் கழற்றி, நசுங்கிய ஈயத்தின் கனத்தை மைக்ரோமீட்டரில் பார்ப்போம். பார்க்கும் முன் தாடையைத் துடைத்து, வெறும் வாயை மூடி, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். பட்டறையைப் பெருக்குகிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

நான் கவனிக்கவில்லை. ஏன்? ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்!

பொரி உதிர்ந்துபோயிருந்தது, தாடையில் சந்தனம் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் கனமும் சேர்ந்து ஈயத்தைப் பருமனாகக் காட்டியது. சந்து ஜாஸ்தி என்று நம்பி, மூடிக்கு அடியில் வைக்கிற மெல்லிய தகடுகளில் சிலவற்றை உருவி, சந்தைக் குறைத்து இறுக்கினேன். எல்லா பேரிங்குக்கும் அதே கைவரிசை.

அந்த பஸ்ஸின் டிரைவர் ஏழுமலை. புதிதாகக் கல்யாணமானவன், முறுக்கிய மீசை, வண்டியைத் தன் வீட்டுப் பசு மாதிரி பார்த்துக்கொள்கிறவன். வண்டியை எடுக்க வந்தவன் முன்னால் நின்று ஹாண்டில் போட்டுச் சுற்றினான். முகம் சுருங்கியது.

"என்னாண்ணே, இவ்ளோ இறுக்கமா கீது? ஒரு தபா பிரிச்சுப் பாத்துடுங்களேன்."

"புதுச் செருப்பு கடிக்காதா ஏழுமலை? ஓட ஓட சரியாயிடும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துப் போனான். என்னை நம்பித்தான் போனான்.

தீபத்தன்று, மலைக்கு வருகிற ஜனங்கள் படிக்கட்டு வரை தொங்க, ஊருக்கு வெளியே எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றது. கைக்குழந்தைக்காரிகள் நடந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் ஏழுமலையைத் திட்டிவிட்டு வந்தார்கள்.

எஞ்சினைப் பிரித்தேன். பேரிங் உருகி ஷாஃப்ட்டோடு ஒட்டியிருந்தது. ஷாஃப்ட்டை அளக்கும் முன் மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தேன், பூஜ்ஜியத்துக்கு வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக ஒரு துணுக்கு உதிர்ந்தது... அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வேட்டி நுனியால் தாடையைச் சுத்தமாகத் துடைத்தேன்!

முதலாளி வந்து நின்று, எதனால் ஆச்சு என்று கேட்டார். ஏழுமலை பக்கத்திலேயே இருந்தான். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அது என் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"மொதலாளி, இவன் ரெண்டு கண்ணும் கண்ணாடியில மீசையப் பாக்கவே பத்தல. ஆயில் மீட்டர எந்தக் கண்ணால பாப்பான்?"

கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முதலாளியே சிரித்துவிட்டார். மீட்டர் முள் சரியாகத்தான் நின்றது என்று ஏழுமலை சொல்லிக்கொண்டிருந்தான். சிரிக்கிறவனுக்குக் காது கேட்குமா? சிரித்து முடித்ததும் முதலாளி அவனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

நான் பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள். ஒரு தமாஷ், அவ்வளவுதான்! நேரடியாகப் பொய் சொல்லியிருந்தால் யாராவது எதிர்த்துக் கேட்டிருப்பார்கள். தமாஷை யார் எதிர்ப்பது? அன்றைக்கு ஈ என்று இளித்த ஒவ்வொரு பல்லையும் தட்டிவிடலாமா என்று எனக்கு இன்றும் ஆத்திரம். தட்டுவதென்றால் முதலில் என் பல்லைத்தான் தட்ட வேண்டும்.

எஞ்சினை எரித்த டிரைவர் என்று பெயர் வாங்கியவனுக்கு வேறு எந்த முதலாளி ஸ்டியரிங் கொடுப்பார்? கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினான் ஏழுமலை. அவன் மனைவி அங்கேயே மல்லாட்டை உடைத்தாள். 'மீசைக்காரன்' என்று பெயர் சொல்லி ஊர் சிரித்தது. நான் வைத்த பெயர்! அவன் மீசையை எடுத்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

வருஷங்கள் கழித்து, போன மாசிக்குத்தான் எனக்கு தைரியம் வந்தது. மண்டிக்குப் போனேன். மூட்டையை இறக்கிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தான். எப்போதும்போல ஒரு தமாஷோடு ஆரம்பித்தேன். அவன் முகம் அசையவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தனம், தகடு, வேட்டி நுனி... ஒன்றையும் விடவில்லை.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் அடிக்காததற்குக்கூட எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, கேட்டீர்களா என் யோக்கியதையை? முதலாளி இன்னும் உயிரோடு, அதே பட்டறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடுகிறேன். அதையும் அவனிடம் சொன்னேன்.

ஏழுமலை துண்டை உதறித் தலையில் கட்டினான். அடுத்த மூட்டைக்குக் குனிந்தபடி சொன்னான்:

"எங்கிட்ட ஏன் சொல்ற? நான் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு."