அம்மா நிற்காத வயல்

அந்தப் பாட்டை அம்மாவிடம் கேட்டுப் படித்தேன் என்று நான் சொன்னது பொய். அம்மா பாடி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கொழும்பில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்திநான்கு வருடம் கணிதம் படிப்பித்தவர் அவர். பக்கத்து வீட்டு ரேடியோவில் சினிமாப் பாட்டுப் போனால், பரீட்சைத் தாள் திருத்த முடியவில்லை என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்.

பொய் சொன்ன இடம் சிட்னியில் ஒரு பப்பின் பின்னறை. மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் அங்கே ஐரிஷ்காரர்கள் கூடிப் பாடுவார்கள். கிட்டார் இல்லை, பிடில் இல்லை, மைக் இல்லை. ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் என்னோடு வேலை செய்யும் ஐரிஷ் பெண் ஒருத்திதான் முதலில் கூட்டிக்கொண்டு போனாள். அப்போது நான் வென்ட்வேர்த்வில் என்ற புறநகரில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பொழுது போகவே போகாது. அவள் கூப்பிட்டதும் போய்விட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் மாறி நானாகவே போய் வந்தேன்.

இருபது கதிரைகள் வட்டமாகப் போட்டிருக்கும். யாராவது கதவைத் திறந்தால் முன்னறையில் காசு போட்டுச் சூதாடும் போக்கி மெஷின்களின் கிணுகிணுப்பு கொஞ்சம் உள்ளே வந்துவிட்டுப் போகும். பாடுகிறவர் அதைக் கவனிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு சரணங்களையும் பாடித்தான் ஓய்வார். சிலர் கடைசி வரியைப் பாடாமல் சும்மா பேசுவதுபோலச் சொல்லி முடிப்பார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவரை அவரே கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர், அந்தப் பாட்டு தன்னிடம் எப்படி வந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். இது மாமா பாடியது, இது மாடு பார்க்க வந்த ஒரு மனிதரிடம் அப்பா கேட்டு வைத்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

அவர்கள் எல்லோரும் மதித்த ஒரு பெரியவர் இருந்தார். இளவயதில் கப்பலேறி வந்து, சிட்னியின் உயரமான கட்டிடங்களுக்குச் சாரம் கட்டியவர். நான் போகத் தொடங்கிய ஏழாவது மாதம் அவர் பாடி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, உங்கள் மொழியில் ஒன்று பாடுங்களேன் என்றார்.

மறுத்திருக்கலாம். மறுத்தால் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் எனக்குப் பாட ஆசையாக இருந்தது. முழுதாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. ஒரு படத்தில் கதாநாயகி சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டு பாடுவது. பள்ளிக்கூட வேன் சாரதி தினமும் போட்ட காசெட்டில் அது இருந்தது. அப்படியே சொல்லியிருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய மாமாக்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் முன்னால் என் வேன் சாரதி சின்னவராகத் தெரிந்தார்.

இது என் அம்மாவின் பாட்டு என்றேன். நாற்று நடும்போது பெண்கள் பாடுவது, அம்மா சின்ன வயதில் வயலில் நின்று அவர்களிடம் படித்தது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெறுங்காலோடு என்றும் சேர்த்தேன்.

பாடத் தொடங்கியதும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது அவர்களுடைய வழக்கம். பாட்டின் ஓட்டத்துக்கு ஏற்ப, திரிகைக் கல்லைச் சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முடிந்ததும், முதலில் என்னைக் கூட்டி வந்த என் சிநேகிதி கண்ணைத் துடைத்தாள். அன்று ரயிலில் நான் சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். இப்போது நினைத்தால், பொய்யை விட அந்தச் சந்தோஷம்தான் அதிகம் கூசுகிறது.

பெரியவர் அந்தப் பாட்டைத் தனக்குப் போனில் பதிந்து தரச் சொன்னார். சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நாலைந்து மாதம் கழித்து வட்டத்தில் பாடிக் காட்டினார். பாடுவதற்கு முன், இது வயலில் நின்ற ஒரு தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து எனக்கும் வந்தது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

அடுத்த வருடம் அம்மா என்னோடு இருக்க வந்தார். சிநேகிதி மூலம் அது வட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. எப்போது கூட்டி வருகிறீர்கள் என்று மாதா மாதம் கேட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். பிறகு, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, சங்கடப்படுவார் என்றேன்.

முழங்கால் வலி உண்மை. அதற்கு எக்ஸ்ரே எடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கே அம்மா வந்தபோது, சிநேகிதிதான் அன்று வேலையில் இருந்தாள். நான் உள்ளே போனபோது, முழங்காலை எத்தனை பாகையில் மடக்க வேண்டும், ஏன் அந்தக் கோணம் என்று அம்மா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் ஆங்கிலம் என்னுடையதை விடச் சுத்தமானது. சிநேகிதி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல், முதல் ஞாயிறு பாட்டுக்கு வாருங்கள் என்று அம்மாவிடமே சொன்னாள். வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதிலாக வருகிறேன் என்றார் அம்மா.

அந்த ஞாயிறு போகும்போது ரயிலில் முக்கால் மணித்தியாலம் இருந்தது. நான் செய்ததைச் சொல்ல அது தாராளம். அதை விட்டுவிட்டு, அடுத்த வாரம் தண்டவாள வேலையாம், பஸ்தான் ஓடுமாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அம்மா உள்ளே வந்ததும் பெரியவர் எழும்பினார். வழக்கமாக எல்லோரும் உட்கார்ந்துதான் பாடுவார்கள். அவர் அம்மாவுக்கு முன்னால் நின்றபடி, இந்தப் பாட்டு யாருடையதோ அவரே இன்று வந்திருக்கிறார் என்று சொன்னார். வயல், நாற்று, வெறுங்கால் எல்லாம் சொன்னார். பிறகு பாடினார். ஒரு சரணமும் விடவில்லை. கடைசி வரியை, அவர்கள் செய்வதுபோலவே, தமிழில் பேசி முடித்தார்.

நான் தரைக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பாடினேனா என்று அவர் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா, மிகக் கவனமாகப் பாடினீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஓர் எழுத்து மட்டும் சரியில்லை என்று, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டி, அந்த ழகரத்தை அவரை மூன்று தரம் சொல்ல வைத்தார். மூன்றாம் தரம் அவருக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மற்றப் பாட்டுகளையும் கடைசி வரை கேட்டார்.

திரும்பி வரும்போது ரயில் ஸ்ட்ராத்ஃபீல்ட் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

“நான் எப்ப பிள்ளை வயலில நிண்டனான்?”

நான் கைப்பையில் ரயில் அட்டையைத் தேடினேன்.

“படிப்பிச்சது சொல்லக் கூசுற வேலையோ உனக்கு?”

இல்லையம்மா என்றேன். எதிரே இருந்த பெண் போனிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

“அந்த மனுசன் எழும்பி நிண்டு பாடினவர். அவருக்கு நீதான் சொல்ல வேணும். நான் சொல்ல மாட்டன்.”

அடுத்த மாதம் நான் மட்டும் போனேன். பாட்டுத் தொடங்குமுன் பெரியவரை ஒரு பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். அது சினிமாப் பாட்டு, வேனில் கேட்டது, அம்மா கணித ஆசிரியை, வயலில் கால் வைத்ததில்லை. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் சிரித்துவிடுவார், சினிமாவானால் என்ன என்று முதுகில் தட்டுவார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது.

அவர் கையிலிருந்த கிளாசை மேசையில் வைத்தார். மெல்பனில் இருந்த தன் தம்பி போன மாதம் இறந்துவிட்டார் என்றார். எனக்கு அது தெரியாது. அடக்கத்தில் அந்தப் பாட்டைத்தான் பாடினாராம். உங்கள் அம்மாவைப் பற்றியும் அங்கே சொன்னேன் என்றார். தம்பியின் மகளுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப்போய், தன் பிள்ளைகளுக்குச் சொல்ல எழுதி வாங்கிக்கொண்டாளாம்.

“நான் அவளுக்குப் போன் பண்ண வேண்டும்” என்றார்.

கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கிளாசை மறுபடி எடுத்துக்கொண்டு, கணித ஆசிரியை என்றால் அதையே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் கதிரைக்குப் போனார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டாயா என்று கேட்டார். ஓம் என்றேன். மெல்பன் விஷயத்தையும் சொன்னேன். அம்மாவின் கத்தி நின்றது.

“செத்த வீட்டிலயோ?” என்றார். பெரியவருக்கு ஓர் அனுதாப அட்டை வாங்கி வரச் சொன்னார். அதில் தன் கையெழுத்தில் நாலு வரி எழுதி, கீழே தன் பெயரோடு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை என்றும் எழுதினார். நான் எழுத இடம் விடவில்லை.

இப்போது மாதா மாதம் அம்மா போகிறார். நானும் துணைக்குப் போகிறேன். பெரியவர் எங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்வார், அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு உட்காருவார். அந்தப் பாட்டை அவர் பிறகு பாடவே இல்லை. என்னையும் கூப்பிட்டதில்லை.